முழங்கால் வலிக்கிறதா? சைக்கிள் சீட்டைப் பாருங்கள்!

அப்பாவின் சட்டையை மகன் போட்டால் எப்படி இருக்கும்? தொளதொளவென்று தொங்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால், அப்பாவின் சைக்கிளை மகன் அப்படியே எடுத்து ஓட்டுகிறான். யாரும் சிரிப்பதில்லை. அவனுடைய முழங்கால் மட்டும் அழுகிறது!

சட்டைக்கு அளவு உண்டு. செருப்புக்கு அளவு உண்டு. சைக்கிளுக்கும் அளவு உண்டு. சைக்கிளை வெட்டித் தைக்க முடியாது. சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்குக் காசு வேண்டாம். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிட நேரமும் போதும்.

ஒரு சைக்கிள், பல உயரம்

1991-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

கணவனின் உயரம் வேறு. மனைவியின் உயரம் வேறு. வளரும் பிள்ளையின் உயரமோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. வீட்டில் சைக்கிள் ஒன்றுதான். ஆகவே, சீட்தான் ஆளுக்குத் தகுந்தபடி மாற வேண்டும்.

2,000 மிதி!

இரண்டு கால்களும் தரையில் நன்றாகப் படவேண்டும் என்று பலர் சீட்டை இறக்கி வைக்கிறார்கள். ஓட்டப் பழகும்போது இது நல்லதுதான். பழகிய பிறகும் அப்படியே விட்டால் தொல்லை. சீட் தாழ்ந்திருந்தால், மிதிக்கும்போது முழங்கால் அளவுக்கு மேல் மடங்கும். முழங்கால் சில்லு உள்ளே அழுந்தும்.

சாதாரண சைக்கிள், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 5 மீட்டர் ஓடும். பள்ளிக்கூடம் 5 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய் வர 10 கிலோமீட்டர். ஒவ்வொரு முழங்காலும் தினமும் 2,000 தடவை மடங்கி நிமிர்கிறது. வலிக்காமல் என்ன செய்யும்?

உயரம் பார்ப்பது எப்படி?

சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீட்டில் ஏறி உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழே இறக்கி, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு சாயக்கூடாது. இதுதான் சரியான உயரம். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சிறிது மடங்கும்.

கால் எட்டவில்லையா? சீட் உயரம் அதிகம். முழங்கால் மடங்கியே இருக்கிறதா? சீட் தாழ்வு. நீண்ட நாள் தாழ்வாக ஓட்டியவர்கள் ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். அரை அங்குலம் ஏற்றி, சில நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடி ஏற்றலாம். நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி, காலைத் தரையில் ஊன்றப் பழகுங்கள்.

கொத்தனார் கருவி உதவும்!

சீட் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். ரசமட்டம் இருந்தால் அதை சீட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தால் தொடை இடுக்கில் அழுத்தும், மரத்துப் போகும். கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும். பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும்.

சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். இரு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். முன்னால் உள்ள முழங்கால் சில்லிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்க விடுங்கள். நூல் பெடலின் நடு அச்சுக்கு நேராக வந்தால், ஏறக்குறைய சரி.

வலி சொல்லும் சேதி

முழங்காலின் முன்பக்கம் வலித்தால், சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் வலித்தால், உயரம் அதிகமாக இருக்கலாம். மிதிக்கும்போது இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினாலும் உயரம் அதிகம்தான். சீட்டைச் சரி செய்தும் வலி தீரவில்லை என்றால், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜாக்கிரதை!

சீட்டைத் தாங்கும் கம்பியில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஏற்றவே கூடாது. கோடு இல்லாத கம்பி என்றால், குறைந்தது மூன்று அங்குலமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி வளையும், உடைந்தும் போகலாம். முடுக்கிய பிறகு சீட்டை இரு கைகளாலும் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசையக் கூடாது.

ஒருவருக்குச் சரியான உயரம் அமைந்ததும், கம்பியில் பெயிண்டால் சிறு கோடு போட்டு வையுங்கள். அப்பாவுக்கு ஒரு நிறம். அம்மாவுக்கு ஒரு நிறம். மகளுக்கு ஒரு நிறம். அடுத்த தடவை அளந்து பார்க்க வேண்டியதில்லை. மகளின் சீட் மட்டும் வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும்!