ஆக்கியோன் பலர்

ஒரு நூலைக் கையில் எடுப்பவன் முதலில் அறியவேண்டுவன எட்டு என்பது நன்னூலார் கொள்கை. அவ்வெட்டனுள் தலைமையிடம் பெறுவது ஆக்கியோன் பெயர். ஏட்டிலும் அச்சிலும் இவ்விதி இடர்ப்பாடின்றிச் செல்லும். பலர் கூடி ஆக்கி, இன்னும் ஆக்கி முடியாத ஒன்றுக்கு ஆக்கியோன் யாவன்? கணினித் துறையிலே திறந்த மூல மென்பொருள் என்று வழங்குவது அத்தகையது. அவற்றுள் நம் ஈழநாட்டிற் பிறந்த ஒன்றுக்குப் பாயிரம் கூற முயல்வதே இக்கட்டுரை.

நூற்பெயர் சகானா. சிங்களத்தில் இச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். நாம் சகித்தல் என்று வழங்கும் சொல்லுக்கும் இதற்கும் வடமொழி வேர் ஒன்றே. துன்பத்தைப் பொறுக்கச் செய்வதே நிவாரணம் என்று கொண்டால் பொருள் நன்கு பொருந்துகிறது.

நுதலிய பொருள் யாது? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி, இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டது. அந்நாட்களில் எங்கள் பகுதியில் அகதிகள் தங்கிய பாடசாலையொன்றிலே பெயர்ப்பட்டியல் எழுதும் பணி எனக்கு வாய்த்தது. கரையோரத்திலிருந்து வந்தோர் ஒரு முகாமில் தாயும் மறு முகாமில் பிள்ளையுமாகச் சிதறியிருந்தனர். எங்கள் பட்டியல் தமிழில் இருந்தது; வேறோரிடத்துப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரே பெயர் ஆங்கில எழுத்திலே மூன்று வடிவம் கொண்டு மூவராய்த் தோன்றியது. பிள்ளை உயிரோடிருந்தும் மூன்று நாள் அழுத தாய் ஒருத்தியை நான் கண்டேன். பட்டியல்கள் ஒன்றையொன்று அறியாமையே அவள் துயருக்குக் காரணம்.

அக்குறையைத் தீர்க்கவே சகானா எழுந்தது. காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, வேண்டிய பொருளும் வந்த பொருளும் பொருத்திப் பார்க்கும் கணக்கு ஆகியன அதன் உறுப்புக்கள். ஓரிடத்தில் எழுதியதை மற்றோரிடத்தில் உடனே காணலாம்.

இனி ஆக்கியோன். 2003இல் சஞ்சீவ வீரவரண முன்னின்று தோற்றுவித்த லங்கா மென்பொருள் மன்றம் இதற்குத் தாயகம். சமிந்திர டி சில்வா திட்டத்தை வழிநடத்தினார். ஆயினும் இருவர் பெயர் கூறி அமைதல் நீதியாகாது. ஆழிப்பேரலை கண்ட சில நாட்களுக்குள்ளேயே கணினித் தொழிலாளர் பலர் கூலி கருதாது கூடினர். ஒருவர் நிரல் எழுத, ஒருவர் பிழை தேட, ஒருவர் விளக்கவுரை எழுதினார். யார் எதனை எந்நாளில் மாற்றினார் என்பது இத்தகைய மென்பொருளின் மாற்றப் பதிவிலே நிற்கும். ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோர் பலருக்குக் கிடையாத பேறு இது.

வழி கூறின், சகானா தனித்து முளைத்ததன்று. அப்பாச்சி, மை.எஸ்.கியூ.எல்., பி.எச்.பி. என்னும் பொதுவுடைமை ஆக்கங்களின்மேல் எழுந்தது. பின்னர் பைதன் மொழியிலே புதிதாக யாக்கப்பட்ட சகானா ஈடன் ஒரு சட்டகம். தச்சன் தூணும் உத்திரமும் நாட்டித் தந்தால், சுவரையும் வாசலையும் குடியிருப்போன் தன் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்வதுபோல, வெள்ளத்துக்கு வேறு, நிலநடுக்கத்துக்கு வேறு எனப் பிறர் இதன்மேற் கட்டிக்கொள்வர். சகானாவை முதனூல் என்றால் ஈடனை வழிநூல் எனலாம்.

எல்லை இலங்கையோடு நிற்கவில்லை. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் இது உதவியது. சமூகப் பயனுடைய திட்டங்களுக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதை 2006இல் சகானா பெற்றது. அவ்விருதை ஏற்படுத்தும் எண்ணமே சகானாவைக் கண்டு எழுந்தது என்பர். நம் கடற்கரைக் கண்ணீர் கண்காணா நாட்டாருக்கு மருந்தாயிற்று அன்றோ!

எங்கள் ஓட்டமாவடிப் பழைய பாலத்தின்மேல் ஒரு காலத்திலே புகைவண்டியும் மாட்டு வண்டியும் மாறி மாறிச் சென்றன. கட்டியவன் பெயரைக் கேட்டவர் சிலர், கடந்தவர் பல்லாயிரவர். பொதுப்பணியின் இயல்பு அதுவே.

கேட்போரும் பயனும் எஞ்சின. கேட்போர் நம் மாணவரே. கணினி கற்றவன் மட்டுமே இத்தொண்டுக்கு உரியன் என்று அவர்கள் எண்ணற்க. நன்னூலார் யாப்பு நான்கனுள் மொழிபெயர்த்தலையும் ஒன்றாக வைத்தார். முகாமில் ஏங்கி நிற்கும் தாய் ஒருத்தி, தன் மொழியில் வினாவைப் படித்துத் தன் பிள்ளையின் பெயரைத் தன் எழுத்தில் எழுத வேண்டுமாயின், அதற்குத் தமிழ் நன்கு கற்றவனின் உழைப்பு வேண்டும். ஒரு பெயர் எத்தனை வடிவம் கொள்ளும் என்று நிரல் எழுதுவோனுக்கு எடுத்துரைப்பதும் தமிழாசிரியன் பணியே. பேரிடர் நம் ஆயத்தம் பார்த்து வருவதில்லை. அது வருமுன் ஒரு சொல்லையேனும் திருத்தி வைத்தவன், அவ்வாக்கியோர் பலருள் ஒருவனாவான்.