பயிற்றுநர் போனால் அணியும் கலையுமா?

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து நாம் உதைத்து ஆடும் பந்தாட்டமல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதி ஆடுவது. அதில் ஆட்டமே இல்லாத மாதங்கள்தான் அணிகளுக்குப் பெரிய சோதனை.

அலபாமா பல்கலைக்கழகத்துக்கு 6 தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்த பயிற்றுநர் நிக் சேபன், 2024 ஜனவரி 10ஆம் தேதி ஓய்வை அறிவித்தார். பயிற்றுநர் விலகினால் ஆட்டக்காரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற, அன்றைய விதி 30 நாள் அவகாசம் கொடுத்தது. இரண்டே நாளில் கேலன் டிபோர் புதிய பயிற்றுநரானார். வேகம்தான், ஆனாலும் முக்கிய ஆட்டக்காரர்கள் சிலர் கிளம்பிவிட்டனர். அவர்களில் தற்காப்பு ஆட்டக்காரர் கேலப் டவுன்ஸ் ஒஹையோ ஸ்டேட் அணியில் சேர்ந்தார். அடுத்த பருவத்தில் தேசியப் பட்டம் அந்த அணிக்கே கிடைத்தது. அலபாமா 4 ஆட்டங்களில் தோற்றது.

அவர் போனதுதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. பையன்களைக் குறை சொல்வதும் சரியல்ல. பயிற்றுநரை நம்பித்தான் பலர் ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரே போய்விட்டால் வேறிடம் பார்க்கத்தானே செய்வார்கள்?