ஒருவர் மட்டும் வாழும் ஊரில் அந்த இரண்டாவது ஆள் யார்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மோனோவை என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஒரே ஒருவர் இருந்தார். 2020 கணக்கெடுப்பில் இரண்டு பேர் என்று வந்தது. இடைப்பட்ட பத்து வருடத்தில் புதிதாக யாரும் அங்கே குடிவரவில்லை. 2021-இல் நிருபர்கள் கேட்டபோதும் அந்த ஊரின் ஒரே குடியான அம்மா, இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன் என்ற பொருளில்தான் பதில் சொன்னார். அப்படின்னா அந்த இரண்டாவது ஆள் யார்?

எனக்குத் தொழில் மென்பொருள். எண் தப்பாக இருந்தால் உடனே "எங்கேயோ பக் இருக்கு" என்றுதான் தோன்றும். இதையும் அப்படி நினைத்துத்தான் தோண்ட ஆரம்பித்தேன். கடைசியில் தெரிந்தது: இது பிழை இல்லை, அரசாங்கம் தெரிந்தே செய்த வேலை. அதற்குப் பின்னால் ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. அதற்குப் போகும் முன் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஊர் வளர்ந்ததும் தேய்ந்ததும்

மோனோவை இருப்பது மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், பாய்ட் கவுண்டியில். நம் மாவட்டம் போன்ற, ஆனால் மக்கள்தொகையில் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவுதான் கவுண்டி. நையோப்ரேரா, மிசௌரி என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள புல்வெளி நிலம் அது. ஊரின் பெயருக்குப் பூர்வகுடி மொழி ஒன்றில் "பூ" என்று பொருள் சொல்கிறார்கள்.

ரயில் பாதையை ஒட்டி உருவான ஊர் இது. 1902-இல் தபால் நிலையம் வந்தது. மளிகைக் கடைகள், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1930-களில் சுமார் 150 பேர் வாழ்ந்தார்கள்.

அதற்குப் பிறகு இறக்கம்தான். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்ததும், பத்துக் குடும்பம் பார்த்த நிலத்தை ஒரு குடும்பமே பார்க்க முடிந்தது. சிறு பண்ணைகள் பெரிய பண்ணைகளோடு சேர்ந்தன. பிள்ளைகள் வேலை தேடி நகரத்துக்குப் போனார்கள். ஆள் குறைந்ததால் கடை மூடியது, கடை மூடியதால் இன்னும் ஆள் குறைந்தது. தேவாலயத்தில் கடைசி இறுதிச் சடங்கு நடந்தது 1960-இல். தபால் நிலையம் 1967-இல் மூடியது, பள்ளிக்கூடம் 1974-இல். 1980-இல் மிஞ்சியவர்கள் 18 பேர். 2000 கணக்கெடுப்பில் இரண்டே பேர், ஒரு கணவனும் மனைவியும். 2004-இல் கணவர் இறந்துபோனார்.

மோனோவை மட்டும் இப்படி ஆகவில்லை. பாய்ட் கவுண்டியில் 1910-இல் எட்டாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2020-இல் இரண்டாயிரம்கூட இல்லை.

ஒரு ஆள் நடத்தும் நிர்வாகம்

நெப்ராஸ்காவில் "கிராமம்" என்பது சட்டப்படி பதிவான ஓர் உள்ளாட்சி அமைப்பு. 2010 கணக்கெடுப்பின்படி, நாட்டிலேயே ஒரே ஒருவர் மட்டும் வாழும் உள்ளாட்சி இது ஒன்றுதான். மேயர், எழுத்தர், பொருளாளர் எல்லாம் அந்த அம்மாவே. அவர் நடத்தும் சிறிய மதுக்கடைக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிப்பவரும் அவர்தான், கிராமத்தின் சார்பில் அதில் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். தெருவிளக்குக்கு மாநில நிதி வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வருடமும் சாலைத் திட்டம் எழுதி அனுப்புவார்.

மறைந்த கணவர் பெரிய வாசகர். அவர் சேர்த்த சுமார் 5,000 புத்தகங்களைச் சிறிய கட்டிடம் ஒன்றில் அடுக்கி, "ரூடியின் நூலகம்" என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து எடுத்துப் போகலாம்.

புள்ளிவிவரம் ஒருவரின் கதையாகும்போது

இப்போது எண்ணுக்கு வருவோம். கணக்கெடுப்பு அலுவலகம் ஒவ்வொரு ஊருக்கும் வயது, பாலினம், இனம் வாரியாக அட்டவணை போடும். பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் அதை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. ஒரே ஒருவர் உள்ள ஊரில் அந்த அட்டவணையே அவருடைய பயோடேட்டா. ஆனால் தனி நபர் பற்றிய தகவலை வெளியிடக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. எந்தெந்தப் பகுதியில் அவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பு அலுவலகம் தந்த அட்டவணைகள் அதற்கு உதவின. அந்த அட்டவணைகளில் பெயர் கிடையாது. சிறிய பகுதிகளின் எண்ணிக்கை மட்டும்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

இன்று கணினியின் வேகமும் சேர்ந்துவிட்டது. அலுவலகமே தன்னுடைய 2010 அட்டவணைகளை எதிராளியாக நின்று தாக்கிப் பார்த்தது. சுடோகு போடுவது மாதிரி, அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்திப் போட்டதில், கிட்டத்தட்ட பாதிப் பேரின் வயது, பாலினம், இனம், இருப்பிடம் ஆகியவற்றைப் பிசகில்லாமல் மீட்டெடுக்க முடிந்தது.

சத்தம் சேர்ப்பது

அதனால் 2020-இல் "டிஃபரென்ஷியல் பிரைவசி" என்ற முறைக்கு மாறினார்கள். 2006-இல் சிந்தியா ட்வொர்க் முதலானோர் முன்வைத்த கணித யோசனை இது. உண்மை எண்ணோடு ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டியோ கழித்தோ வெளியிடு, அவ்வளவுதான். இந்தத் தற்செயல் எண்ணை "சத்தம்" என்பார்கள். மாநிலங்களின் மொத்த மக்கள்தொகையில் சத்தம் இல்லை, அது அசல். அதற்குக் கீழே கவுண்டி, ஊர், தெரு என்று வரும் மக்கள் எண்ணிக்கையில் எல்லாம் சத்தம் உண்டு. பெரிய ஊரில் இரண்டு மூன்று பேர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. மோனோவையில் ஒன்று கூடினால் மக்கள்தொகை இரட்டிப்பு!

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. மக்கள்தொகை எதிர்ம எண்ணாக இருக்க முடியாது. ஒரு பொம்மைக் கணக்கு போடுவோம். உண்மை எண் 1. சத்தம் –2, –1, 0, 1, 2 ஆகியவற்றில் ஏதோ ஒன்று. விடைகள் –1, 0, 1, 2, 3 என்று வரும். –1-ஐ 0 ஆக்கியே தீர வேண்டும். இப்போது சராசரி 1.2. அசல் முறை இதைவிடச் சிக்கலானது, ஆனால் போக்கு இதேதான்: மிகச் சிறிய ஊர்கள் கொஞ்சம் வீங்கித் தெரியும். மாநில மொத்தம் மாறக் கூடாது என்பதால் அந்த வீக்கம் வேறு எங்கோ கழிந்திருக்கும்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2021-இல் அலபாமா மாநிலம் வழக்கே போட்டது, அது தள்ளுபடி ஆனது. எதிர்ப்பவர்களின் வாதத்தையும் ஒதுக்க முடியாது. சிறிய ஊர்கள் நிதிக்கும் திட்டத்துக்கும் நம்பியிருப்பது இந்த எண்களைத்தான். தேய்ந்துபோகிற ஊருக்குத் தன் தேய்வைச் சரியாகக் காட்டும் உரிமையும் உண்டு, இல்லையா?

என் முடிவு இது. சிறிய எண்ணுக்குத் துல்லியமும் அந்தரங்கமும் இரண்டும் முழுசாகக் கிடைக்காது. ஒன்றைக் கொஞ்சம் விட்டால்தான் மற்றது. நிரல் எழுதும் நாம், அட்டவணையில் பெயர் இல்லை என்றதும் பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். 1942 அந்த நினைப்பைப் பொய்யாக்கிவிட்டது.

மோனோவையில் இதன் முரணும் தெரிகிறது. அந்த அம்மாவின் பெயரும் படமும் உலகப் பத்திரிகைகளில் வந்தாகிவிட்டது. வருகிறவர்களிடம் அவரே சந்தோஷமாகப் பேசுகிறார். ஆனால் அது அவராக விரும்பிச் சொன்னது. கணக்கெடுப்புப் படிவத்தில் எழுதியது, வெளியே போகாது என்ற வாக்கை நம்பிச் சொன்னது. இரண்டும் வேறு வேறு. அதனால்தான் நானும் இங்கே அவர் பெயரை எழுதவில்லை.

தனி நபர் படிவங்களை 72 வருடம் கழித்துத்தான் திறப்பார்கள். 2020 படிவங்கள் 2092-இல் வெளியே வரும். மோனோவைக்கான உண்மை எண் அப்போது தெரியும். அதுவரை அந்த இரண்டாவது ஆள் அட்டவணையில் குடியிருக்கட்டும். முதல் ஆளுக்குக் காவலாக வந்தவர்தான்.