குணசித்திர நடிகர் டெல்லி கணேஷ்



கதாநாயகனும் அல்லாத, வில்லனும் அல்லாத ஒருவரைக் குறிப்பிட "குணசித்திர நடிகர்" என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு உரிய பொருள் என்ன? ஒரு மனிதனின் தொழில், சாதி, ஊர், வயது, பலவீனம் ஆகிய எல்லாவற்றையும் சில நிமிடங்களுக்குள் நம் கண்முன் நிறுத்திக் காட்டுபவரே குணசித்திர நடிகர். கதாநாயகனுக்குக் கதை முழுவதும் அவகாசம் உண்டு. இவருக்கு அது இல்லை.

இதற்கு நல்ல உதாரணம், 2024 நவம்பர் 9ஆம் திகதி சென்னையில் தமது எண்பதாவது வயதில் காலமான டெல்லி கணேஷ். மேடை, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய மூன்றிலும் அவர் உழைத்தார். நடித்த படங்கள் நானூறுக்கும் மேல்.

தமிழ்நாட்டின் வல்லநாட்டில் 1944இல் பிறந்த கணேசன், 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றினார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் நாடகங்களில் நடித்ததுதான் அவருடைய நடிப்புப் பள்ளி. பின்னர் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விசு எழுதிய "பட்டினப் பிரவேசம்" என்ற நாடகத்தை கே. பாலசந்தர் 1977இல் படமாக்கியபோது கணேசன் திரைக்கு வந்தார். "டெல்லி கணேஷ்" என்று பெயர் சூட்டியவரும் பாலசந்தரே.

மேடை நடிகர் திரைக்கு வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பேச வேண்டும். கையசைவும் பெரிதாக இருக்க வேண்டும். கமராவோ முகத்துக்கு அருகே வந்து நிற்கிறது. அங்கே பெரிதாகச் செய்தால் மிகையாகிவிடும். பலர் இந்த இடத்தில் தடுக்கி விழுந்தார்கள். டெல்லி கணேஷ் மேடையிலிருந்து வசன உச்சரிப்பையும் நேரம் தவறாமையையும் மாத்திரம் கொண்டுவந்தார். உரத்த குரலை அங்கேயே விட்டுவிட்டார்.

துரை இயக்கிய "பசி" (1979) படத்தில் அவர் சேரியில் வாழும் ரிக்ஷாக்காரர், ஷோபாவின் தந்தை. அந்த வேடத்துக்குத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. "சிந்து பைரவி"யில் (1985) குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்து பாகவதரின் கோபத்துக்கு ஆளாகும் மிருதங்க வித்துவான். பின்னால் அதே பாகவதர் குடிக்கு அடிமையாகும்போதுதான் அந்தச் சிறு வேடத்தின் கனம் நமக்கு விளங்குகிறது. நாயகனின் வீழ்ச்சியை முன்கூட்டியே காட்டிய கண்ணாடி அது. "நாயகன்" (1987) படத்தில் வேலு நாயக்கருக்காக இந்தி பேசும் ஐயர். "அபூர்வ சகோதரர்கள்" (1989) படத்தில் வில்லன். அடுத்த ஆண்டே "மைக்கேல் மதன காமராஜன்" படத்தில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையற்காரர். ஒரே முகம்தான், ஆனால் ஒருவரைப் பார்க்கும்போது மற்றவர் நினைவுக்கு வருவதில்லை.

பிற்காலத்தில் "கஸ்தூரி", "செல்லமே" முதலிய தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். தொடர்நாடகத்தில் நடிகர் தினமும் வீட்டுக்கு வரும் விருந்தாளி மாதிரி. பார்ப்பவர் சமைத்துக்கொண்டும் பிள்ளையைத் திட்டிக்கொண்டும்தான் பார்ப்பார். ஆகவே அங்கே முகத்தைவிடக் குரலுக்கே வேலை அதிகம். மேடையில் பழகிய தெளிவான உச்சரிப்பு அவருக்கு மீண்டும் கைகொடுத்தது.

இதை லுணுகலையில் இருந்துகொண்டு நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டப்புறங்களுக்கு இந்தக் கலை புதிதல்ல. மாசியில் ஆடப்படும் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும்தான் தலைமைப் பாத்திரங்கள். ஆனால் தூதனும் வீரபத்திரனும் எமனும் சரியாக அமையாவிட்டால் கூத்து விடியும்வரை தாங்காது. லயத்து மக்கள் மறுநாள் கொழுந்து கொய்யும்போது பேசிச் சிரிப்பதும் பெரும்பாலும் இந்தச் சிறு வேடக்காரர்களைப் பற்றித்தான். ஆனால் அவர்களுடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. முதியவர்கள் மறைய மறைய அந்த நடிப்பு முறையும் மறைந்து போகிறது.

இன்று கலைவிழாவுக்கு நாடகம் பழகும் நம் இளைஞர்களிடம் ஒரு குறையைக் காண்கிறேன். கதாநாயகன் வேடம் கிடைக்காதவர் ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். கங்காணியாகவோ கடை முதலாளியாகவோ நடிக்க ஆள் கிடைப்பதில்லை; கிடைப்பவரும் வசனத்தை ஒப்புவித்துவிட்டுப் போகிறார். மற்றவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதும் நடிப்புத்தான் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. டெல்லி கணேஷ் பேசாமல் நிற்கும் காட்சிகளை அவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவரின் ஒவ்வொரு சொல்லும் அந்த முகத்தில் பதிவதைக் காணலாம்.

விமர்சகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நாடகம் பார்த்து எழுதும்போது இரண்டு காட்சிகளில் மட்டும் வந்துபோனவரின் பெயரையும், அவர் செய்தது என்ன என்பதையும் எழுதுவோம். காமன் கூத்துத் தூதனுக்கு நாம் செய்யத் தவறியதை, இனி வருபவர்களுக்காவது செய்வோம்.