நிலவறைச் சுவரும் கணினியும்

1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி, நோர்வே நாட்டின் கடற்கழியொன்றிலே, சிலெய்ப்னர் என்னும் எண்ணெய் மேடையின் கொங்கிறீற்று அடித்தளத்தை நீரில் தாழ்த்திப் பரீட்சித்தனர். அப்பொழுது உட்சுவரொன்று வெடித்து, அடித்தளம் முழுவதும் அமிழ்ந்தது. அச்சுவரின் மூலைப்பகுதி கணினிக்குப் போதிய நுணுக்கமின்றிக் கொடுக்கப்பட்டமையால், அதனை வெட்டும் விசை 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்ததென விசாரணையிற் புலனாயிற்று. கணினி பிழைபோகவில்லை, கேட்டதற்கு விடை சொல்லிற்று.

நாம் கட்டும் சிறிய நிலவறைகளிலும் இத்தகைய இடர் உண்டு. கூரையையும் தளத்தையும் தாங்கும் வளைகளைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. தளத்தின் சுமையை மென்பொருள் தானே வளைகளுக்குப் பகிர்ந்துவிடும். வளைமேல் எழும் கற்சுவரின் பாரத்தை மறவாமலும், வளையின் சொந்த நிறையை இருமுறை கூட்டாமலும் இருந்தாற் போதும். (இரண்டாவது பிழையை நாமும் செய்ததுண்டு.)

நிலவறைச் சுவரோ அத்துணை எளிதன்று. 3 மீற்றர் உயரமான சுவரொன்றின் பின்னே, கனமீற்றருக்கு 18 கிலோநியூற்றன் நிறையும் 30 பாகை உராய்வுக்கோணமும் உடைய மணல் நிற்பதாகக் கொள்வோம். சுவர் சற்றே முன்சாயக்கூடுமாயின், அடியில் மண்ணின் கிடையமுக்கம் சதுரமீற்றருக்கு 18 கிலோநியூற்றன். சுவரின் தலையை மேற்றளம் பற்றியிருப்பின் மண் தளர இடமில்லை; அமுக்கம் 27 ஆகின்றது. மாரியில் நிலநீர் சுவரின் தலைமட்டும் ஏறுமாயின் நீரின் அமுக்கமே தனியாக 29 ஆகும்.

முழுக்கட்டடத்தையும் கணினியில் அமைக்கும்போது மேற்றளம் சுவரைப் பற்றியே நிற்கும். ஆதலால், நீரற்ற நிலையில், சுவரின் அடியில் வளைக்குந் திருப்பம் மீற்றருக்கு 16.2 கிலோநியூற்றன் மீற்றரென்று விடை வரும். கம்பியும் அதற்கே இடப்படும். ஆனால் வேலைத்தலத்தில் நடப்பது யாது? மேற்றளம் வார்க்குமுன்னரே, பாதை வேண்டுமென்று, மண்ணை நிரப்பிவிடுவர். அன்று சுவர் தனியே நிற்கின்றது. அமுக்கம் குறைந்தும், மொத்தத் தள்ளுகையாகிய 27 கிலோநியூற்றன் அடியிலிருந்து 1 மீற்றர் உயரத்திற் றாக்குதலால், திருப்பம் 27 ஆகிவிடுகின்றது. திரையிலே காணாத வெடிப்பு சுவரின் அடியிலே தோன்றுவது இதனாலேயே.

ஆகவே தனித்து நிற்குஞ் சுவரையும் வேறாக அமைத்துப் பார்க்கின்றோம். அதற்குக் கம்பி போதாதாயின், மேற்றளம் இறுகுமுன் மண் நிரப்பலாகாதென வரைபடத்திலேயே பெரிய எழுத்திற் குறித்துவிடுகின்றோம்.