பெட்டகம் உடைத்த கை பொம்மை கொடுத்தது!

பேங்க் கொள்ளை, இரும்புப் பெட்டி உடைப்பு. அமெரிக்கப் போலீசார் வலைவீசித் தேடிய கில்லாடிப் பெண் மேரி கே பியர்ட். 1972-ல் சிக்கினார். 21 வருஷ ஜெயில்! அலபாமா சிறையில் கம்பி எண்ணும்போது பைபிளைப் புரட்டினார். செய்த பாவம் உறுத்தியது, மனசு திரும்பியது. 6 வருஷத்தில் விடுதலை.

ஜெயிலில் பக்தி வருவது போலீஸ் நிருபர்களுக்குப் புதுசு இல்லை. வெளியே வந்ததும் பழைய தொழிலுக்கே போகிறவர்கள் பல பேர். இந்த அம்மா கதை வேற.

கிறிஸ்துமஸ் சமயம் சர்ச்காரர்கள் கைதிகளுக்குச் சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் கொடுப்பார்கள். தாய்மார்கள் தொடமாட்டார்கள். பார்க்க வரும் பிள்ளைக்குக் கொடுக்கப் பொத்தி வைப்பார்கள். கொடுக்க வேறென்ன இருக்கு? சோப்புக்கட்டிதான் பரிசு. அதை வாங்கும் பிள்ளை முகத்தில் என்ன சந்தோஷம்! பியர்ட் கண்ணால் பார்த்தது இது.

வெளியே வந்தவர், வாட்டர்கேட் விவகாரம் தொடர்பாக ஜெயிலுக்குப் போன சார்லஸ் கோல்சன் தொடங்கிய சிறை ஊழியத்தில் சேர்ந்தார். 1982-ல் அலபாமா கடைவளாகத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைத்தார். கைதிகளின் பிள்ளைகள் பெயரை எழுதி, காகித தேவதைகளைத் தொங்கவிட்டார். ஷாப்பிங் வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்து, பொம்மை, துணிமணி வாங்கித் தந்தார்கள்.

பிள்ளைகளிடம் அவை போய்ச் சேர்ந்தது பியர்ட் பெயரில் இல்லை. உள்ளே இருக்கும் அப்பா, அம்மா பெயரில்!