கதவடைத்த யப்பான்

பிறந்த நாட்டுக்குத் திரும்பி வருவது மரண தண்டனைக்குரிய குற்றமாகுமா? ஆகும் என்று 1635ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது யப்பானிய அரசு. யப்பானியர் எவரும் கடல் கடந்து செல்லலாகாது. சென்றவர் மீண்டு வருவாராயின் உயிர் தப்பார். சீயத்தின் அயோத்தியா நகரிலும் மணிலாவிலும் குடியிருந்த யப்பானியர், தாயகத்தைக் காணும் வழியற்றுப் போயினர். இத்துணைக் கடுமை எதற்காக?

1543இல் போர்த்துக்கேயர் துப்பாக்கியுடன் தனெகாஷிமாத் தீவில் இறங்கினர். 1549இல் சவேரியார் வந்து கிறித்தவத்தைப் போதித்தார். அந்நாளில் சிற்றரசர்கள் ஒருவரோடொருவர் பொருதுகொண்டிருந்தனர். கியூஷூத் தீவின் சிற்றரசர் சிலர் அந்நிய வாணிகத்தால் பொருளும் படைக்கலமும் பெற்று வலிமையுற்றனர். அவருள் ஒருவரான ஒமுரா சுமித்தாதா, 1580இல் நாகசாகித் துறைமுகத்தையே யேசு சபையாருக்கு அளித்துவிட்டார்.

1603இல் ஷோகன் பதவியேற்ற தொக்குகாவா இயேயாசு வாணிகத்தை வெறுத்தவரல்லர். ஆயினும் வாணிகத்தால் சிற்றரசர் மீண்டும் தலையெடுப்பரோ, மதம் மாறிய குடிகள் வேறோர் அதிகாரத்துக்குப் பணிவரோ என்னும் ஐயம் ஆட்சியாளரை வாட்டிற்று. 1614இல் கிறித்தவம் நாடெங்கும் தடை செய்யப்பட்டது.

1637இல் ஷிமபாராவில் கலகம் மூண்டது. வரிச்சுமையும் சமயக் கொடுமையும் தாளாத ஏழை உழவர் ஹரா கோட்டையுட் புகுந்து போராடினர். மறு ஆண்டு கோட்டை வீழ்ந்தது. பெண்டிரும் பிள்ளைகளும் உட்படப் பல்லாயிரவர் மாண்டனர். 1639இல் போர்த்துக்கேயர் விலக்கப்பட்டனர். மறு ஆண்டு மக்காவோவிலிருந்து சமாதானம் பேச வந்த தூதுக்குழுவினருள் 61 பேர் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

ஒல்லாந்தரோ, தமக்கு வேண்டுவது வாணிகமே என்று காட்டுவதற்காக, ஹரா கோட்டைமீது பீரங்கி சுட்டு உதவியவர்கள். அவர்களையும் ஷோகன் நம்பினாரல்லர். 1641இல் தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் அடைத்து வைத்தார். அதே ஒல்லாந்தக் கம்பனியை, போர்த்துக்கேயரை விரட்ட 1638இல் துணைக்கழைத்த கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன், ஈற்றில் கரையோரத்தை அதனிடமே இழந்தமை நாமறிந்த கதை.

எனினும் யப்பான் எல்லாக் கதவுகளையும் அடைத்ததில்லை. சீனர் நாகசாகிக்கு வந்தனர். சுஷிமா வழியாகக் கொரியாவுடன் உறவு தொடர்ந்தது. திறவுகோலை ஷோகன் தம் கையில் வைத்துக்கொண்டார் என்பதே பொருந்தும். 1853இல் அமெரிக்கத் தளபதி பெரி நான்கு போர்க்கப்பல்களுடன் வந்து நிற்கும்வரை அது அவ்வாறே இருந்தது.

இரு நூற்றாண்டுக்கு மேலாக நாட்டில் அமைதி நிலவியது உண்மையே. அதற்கு விலை கொடுத்தவர்களோ, ஹரா கோட்டையில் மடிந்த உழவரும், கடலுக்கு அப்பாலிருந்து ஊரை நினைந்து ஏங்கியவருமே.